பர்ஸில் ஒரு பத்தொன்பது வயது

என் அத்தைக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். இன்னும் ஓடுகிற பஸ்ஸில் நிற்பதாகவே அவள் கால்களுக்கு நினைப்பு.

அந்த வேலையை அவள் ஏன் அடம்பிடித்து வாங்கினாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊர்ப்பட்ட முகங்கள் ஏறி இறங்கும் வேலை. அதில் ஒன்று அவள் அண்ணனாக, என் பெரியப்பாவாக இருக்கலாம் அல்லவா?

தாத்தாவின் சைக்கிளை விற்று ஒரு காமிரா வாங்கியவர் பெரியப்பா. எங்கள் ஆல்பத்தில் பாதி அவர் எடுத்த படங்கள்தான். விஷயம் தெரிந்த அன்று தாத்தா காமிராவைத் தரையில் அடித்து உடைத்தார், மகனையும் விளாசினார். பெரியப்பா அப்படியே போனவர்தான். எல்லோரையும் படமெடுத்தவருக்கு என்று இருந்தது ஒரே ஒரு போட்டோ. ‘காணவில்லை’ விளம்பரத்துக்காக அதையும் அத்தை கொண்டுபோய்க் கொடுத்தாள், பத்திரிகைக்காரர்கள் திருப்பித் தரவில்லை. மிச்சம் அந்த விளம்பரத் துண்டு. அரும்பு மீசை, பத்தொன்பது வயது. உறை போட்டுப் பர்ஸிலேயே வைத்திருந்தாள்.

அவளோடு வெளியே போவது பெரும்பாடு. பேசிக்கொண்டே வருவாள், திரும்பினால் ஆளைக் காணோம். போன வாரம் செருப்புக் கடையிலிருந்து, விலை பேசாத செருப்பை மாட்டிக்கொண்டே தெருவில் ஓடினாள். பின்னால் கடைக்காரர், அவருக்குப் பின்னால் நான். அத்தை ஒரு கல்லூரிப் பையனின் தோளைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். அவன் மிரண்டுபோய் நின்றான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அத்தை, இந்தப் பையனுக்கு என்ன வயசிருக்கும்?”

“பத்தொம்பது, இருபது.”

“பெரியப்பாவுக்கு?”

அவள் கை தன்னையறியாமல் நரைத்த தலைக்குப் போனது.

“எனக்கு மூணு வயசு மூத்தவன்” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆல்பத்தை எடுத்தேன். தாத்தாவின் படங்களை அவள் மற்ற படங்களுக்குப் பின்னால் செருகிவிட்டிருந்தாள், அவர் முகத்தில் விழிக்கவே பிடிக்காது. அவர் ஓய்வு பெற்ற நாளில் ஆபீசில் எடுத்த படத்தை உருவி, விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே மூக்கு, அதே விடைத்த காது. வழுக்கை மட்டும்தான் கூடுதல்.

“இப்ப இப்படித்தான் இருப்பாரு.”

“இந்த ஆளையா நான் தேடணும்?”

படத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள், கழுவிய பாத்திரத்தையே கழுவினாள். ஏன்தான் காட்டினேனோ என்று எனக்கு ஆகிவிட்டது.

மறுநாள் பஸ் நிலையத்தில் எதிர் பெஞ்சில் ஒரு வழுக்கைத்தலைக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தை பர்ஸைத் திறந்தாள். கத்தரித்தெடுத்த தாத்தாவின் முகம், விளம்பரத்தோடு அதே உறைக்குள் இருந்தது. அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அது பெரியப்பா இல்லை. ஆனாலும் அவள் பர்ஸை மூடவில்லை.

“வயசானவங்க எத்தனை பேருடி என் பஸ்ஸுல ஏறியிருப்பாங்க” என்றாள். “டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்தேன். ஒருத்தர் மூஞ்சியக்கூட நிமிர்ந்து பாக்கலையே.”