ஹெக்டர் என்ற மூத்த மகன்

கிப்பி ஸ்லேட்டருக்கு இருந்தது ஒரே ஆசை. செத்த பிறகு தன் பெயரைத் தன் முன்னோரின் கல்லறைக் கல்லில் வெட்ட வேண்டும். ஆனால் அந்தக் கல் எது என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலேயே மார்ச் மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கடலோர மீனவ ஊரான போர்ட்லெனியில் பாதிப் பேர் ஸ்லேட்டர்தான். தேவாலயத்தைச் சுற்றியிருக்கும் கல்லறைகளிலும் அப்படியே. கிப்பியால் தன் வம்சத்தை வில்லியம் என்பவர் வரை கொண்டுபோக முடிந்தது. வில்லியம் படகோடு மூழ்கியவர். உடல் கிடைக்கவில்லை, கல்லும் இல்லை. அவருடைய அப்பா யார் என்று சொல்லியிருக்க வேண்டிய ஞானஸ்நானப் பதிவேடு, போதகர் வீடு எரிந்தபோது சாம்பலாகிவிட்டது. 1820க்கு முன்னால் அந்த ஊரில் யாருமே பிறக்கவில்லை என்பதுபோல.

பதிவேடு போனால் என்ன, பிள்ளைகளின் பெயர் இருக்கிறதே என்றார் கிப்பி. அந்தக் கரையில் பெற்றவர்கள் இஷ்டத்துக்குப் பெயர் வைத்ததில்லை. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர். இரண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். மூன்றாமவனுக்குத்தான் அப்பாவின் சொந்தப் பெயர். வில்லியமின் மகன்கள் பழைய மக்கள்தொகைக் கணக்கில் வரிசையாக இருந்தார்கள்: ஹெக்டர், ஆண்ட்ரூ, பீட்டர், வில்லியம். அப்படியானால் வில்லியமின் அப்பா ஹெக்டர் ஸ்லேட்டர்.

ஊரில் ஒரு கல்லிலும் ஹெக்டர் ஸ்லேட்டர் இல்லை.

கிப்பி படகு எஞ்சின் மெக்கானிக். எண்ணெய்க் கறை போகாத கை. மனைவி அபர்தீனுக்குப் போய் வேறு குடும்பம் அமைத்துக்கொண்ட பிறகு, மகள் ரோனாவும் இந்த ஹெக்டரும்தான் அவருக்கு மிச்சம். ஹெக்டர் வடக்கு மலைநாட்டுப் பெயர். ஆகவே கோடை விடுமுறைதோறும் மகளையும் ஒரு மென்மையான பிரஷையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். மழையில் கல்லறைக் கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் படிப்பார். எழுத்து அழியும்படி கம்பி பிரஷால் கல்லைத் தேய்க்கும் ஆளைக் கண்டால் அடிக்கப் பாய்வார்.

பக்கத்து வீட்டுக்காரி ஈசாவுக்குக் கேலி பேச இது போதாதா?

"மலையில ஆடு மேய்ச்ச கூட்டம் வழி தவறிக் கடலுக்கு வந்திருச்சு. அதான் ஒனக்குப் படகுல ஏறினா வாந்தி."

"ஒங்க தாத்தா படகக் கரையிலயே கவுத்தவரு. நீ பேசாத, ஈசா."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அன்று சாப்பாடு இறங்காது. வந்தேறி என்பது அந்த ஊரில் சின்ன வார்த்தை இல்லை.

ரோனா கடலுக்குள் எண்ணெய்க் குழாய்களைச் சோதிக்கும் பொறியாளர். அப்பாவின் அஸ்தியோடு வந்தவளிடம் கல்லறைத் தோட்டத்துப் பொறுப்பாளர் இம்லா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"கல்லு ஒங்க குடும்பத்துதுன்னு காட்டும்மா, வெட்டிக்கலாம். இல்லாட்டி மேட்டுல புது இடுகாடுதான். நாளைக்குக் கல்வெட்டுறவன் வர்றான். எங்கன்னு நான் அவனுக்குச் சொல்லணும்."

ரோனா வரிசை வரிசையாக நடந்தாள். ஹெக்டர் இல்லை. ஈசா ஃபிளாஸ்கும் வெண்ணெய் ரொட்டியும் கொண்டுவந்து, மேசைபோல் கிடந்த ஒரு பெரிய கல்லின்மேல் பரப்பினாள்.

"சாப்பிடு. ஒங்கப்பன் மாதிரியே மூஞ்சிய வச்சிருக்க."

"ஒரே ஒரு விஷயம் இடிக்குது ஆன்ட்டி. வில்லியம் பொண்டாட்டி பார்பராவோட அப்பா பீட்டர். அது அவங்க இறப்புச் சான்றிதழ்லயே இருக்கு. அப்ப ரெண்டாவது பையன் பீட்டரா இருக்கணும். மூணாவதா இருக்கான். அப்பா, 'மாத்தி வச்சிருப்பாங்க'ன்னாரு."

"மாத்தறதா? மாத்தினா மாமனார் செத்தாலும் பேசமாட்டாரு!"

ரோனா சட்டென்று நிமிர்ந்தாள். அளவுகள் வரிசையாக ஓரிடம் தள்ளிப்போயிருந்தால், முதல் அளவைச் சந்தேகப்படுவது அவள் தொழில். மூத்தவனை எடுத்துவிட்டால்? ஆண்ட்ரூ, பீட்டர், வில்லியம். பீட்டர் சரியான இடத்தில். வில்லியம் சரியான இடத்தில். அப்படியானால் தாத்தாவின் பெயர் ஆண்ட்ரூ.

"ஆன்ட்டி, மூத்த பையனுக்குத் தாத்தா பேர விட்டுட்டு வேற பேரு எப்ப வைப்பாங்க?"

"எங்கண்ணன் ஃபார்க்கருக்கு வச்சாங்களே. ஊருக்குப் புதுசா போதகர் வந்தா, அவரு மொத மொதல்ல ஞானஸ்நானம் குடுக்கிற குழந்தைக்கு அவரு பேருதான். எங்க தாத்தா ஒரு வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாரு."

"இத அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"அவன் எங்க என்னைக் கேட்டான்? என்கூட சண்டை போடத்தான் வருவான்."

ரோனா ரொட்டியைத் தள்ளினாள், ஃபிளாஸ்கைத் தள்ளினாள். கீழே கிடந்தது ஒரு போதகரின் கல். 1816இல் இந்தத் திருச்சபைக்கு வந்தவர். ஹெக்டர் மன்ரோ.

"மூத்தவன் எந்த வருஷம் பொறந்தான்?" என்றாள் ஈசா.

"ஆயிரத்து எண்ணூத்திப் பதினாறு! அதே வருஷம்!"

ரோனா ஓடினாள். கடலோரச் சுவரருகே ஆண்ட்ரூ ஸ்லேட்டர் என்று ஒரு கல் இருந்தது. அதற்குக் கீழே பாசி மூடிய வரிகள். காரில் பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி ஈசாவின் கையில் கொடுத்தாள்.

"வெயிலப் பக்கவாட்டுல திருப்புங்க. இன்னும். ஆடாதீங்க!"

"எம்பது வயசுக்காரி ஆடாம என்ன செய்வா?"

வெளிச்சம் கல்லின்மேல் சாய்ந்தது. பள்ளங்கள் நிழலாகி எழுத்துகள் எழுந்தன. அந்த நாட்டில் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரைக் கல்லில் வெட்டாமல் விடமாட்டார்கள். மீனவர் ஆண்ட்ரூ ஸ்லேட்டர், அவர் மனைவி ஜீன் ரீட்.

ரோனா அலறினாள். வில்லியமின் இரண்டாவது மகளின் முழுப்பெயர் ஜீன் ரீட் ஸ்லேட்டர். இரண்டாவது மகளுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர். ரீட் என்பது பிரசவம் பார்த்த டாக்டரின் பெயராக இருக்கும் என்று கிப்பி ஒதுக்கியிருந்தார்.

சத்தம் கேட்டு இம்லா ஓடிவந்தார். ரோனா மூச்சு வாங்க விளக்கினாள். அவர் விரல்விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். தொப்பியைக் கழற்றினார்.

"இதுக்கு மேல யாரு என்ன கேக்க முடியும்? ஒங்க கல்லுதாம்மா."

"ஊர்க்காரனாவே இருந்து தொலைச்சிருக்கான். இனிமே நான் யாரைத் திட்டுறது?" என்றாள் ஈசா. கண்ணாடியை அவள் இன்னும் இறக்கவில்லை.

ரோனா மண்டியிட்டு அளவுநாடாவை விரித்தாள். கடைசி வரிக்கும் புல்லுக்கும் நடுவே வெறும் கல். கண்ணீர் மறைத்ததால் இரண்டு முறை அளந்தாள்.

"அப்பா பேருக்கு மூணு வரி எடம் இருக்கு," என்றாள்.