முழங்கைக்குள் இன்னொருவர்

பெர்கன் நகரத்துப் பேருந்தில் என் வலக்கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தோளிலிருந்து மணிக்கட்டுவரை கட்டோடு ஏறினால், எழுந்து இடம் விடுவார்கள். பிறகு சன்னலில் வழியும் மழையைப் பார்த்துக்கொள்வார்கள். நார்வேக்கு வந்த புதிதில் இதை அலட்சியம் என்று நினைத்தேன். மரியாதை என்று புரியப் பல குளிர்காலங்கள் ஆயின. எங்கள் ராயபுரத்தில் இதே கட்டோடு மீன் மார்க்கெட்டுவரை நடந்தால் போதும். "இன்னாமே, யாராண்ட சண்ட?" என்று ஆரம்பித்து, எந்த எண்ணெய் தேய்ப்பது, எந்தக் கோயிலில் நேர்ந்துகொள்வது என்பதுவரை முடிவாகிவிடும்.

முடக்குவாதம் என் முழங்கையை அரித்ததால், ஊரைவிட்டுக் கிளம்பியதற்கு முந்தைய தவக்காலத்தில், சென்னையில் உலோக மூட்டு வைத்தார்கள். வெகுகாலம் நன்றாகவே உழைத்தது. மகள் இங்கே பள்ளி முடித்த வருடம், தலை வாரும்போது உள்ளே ஏதோ நழுவியது. மூட்டைப் பிடித்திருந்த சிமென்ட் தளர்ந்திருந்தது. மூட்டின் உலோகத் தண்டு ஆடி ஆடி, மேற்கை எலும்பை உள்ளிருந்தே தேய்த்து முட்டை ஓடு மாதிரி ஆக்கியிருப்பதைப் படத்தில் காட்டினார்கள்.

இங்கு மருத்துவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் மருத்துவர் இங்ரிட். "புது மூட்டு வைக்கலாம். ஆனால் அதைப் பிடித்துக்கொள்ள உங்களிடம் எலும்பு இல்லை" என்றார். பெய்ன்பாங்க் எனப்படும் எலும்பு வங்கியிலிருந்து இன்னொருவரின் எலும்பை எடுத்து, நொறுக்கி, என் எலும்பின் குழிக்குள் இறுக்கி அடைப்பார்கள். என் எலும்பு மெல்ல அதற்குள் வளர்ந்தால் மூட்டு நிற்கும். வளராவிட்டால் மூட்டைக் கழற்றிவிடுவதுதான் வழி; கை துணி மாதிரித் தொங்கும். நான் ஒரு முதியோர் இல்லத்தில் சமைப்பவள். வலக்கைக்காரி.

"அந்த எலும்பு யாருடையது? பெயர் என்ன?" என்று கேட்டேன்.

"பயப்படாதீர்கள். தொற்று இல்லை என்று சோதித்துவிட்டோம்."

"பெயர் மட்டும் போதும்."

"நோயில்லாத எலும்புதான்" என்று என் இடக்கையைத் தட்டிக்கொடுத்தார்.

அவருக்கு எப்படி விளக்குவேன்? ராயபுரத்தில் அம்மாவை அடக்கம் செய்தபோது அப்பாவின் குழியைத்தான் திறந்தார்கள். குடும்பத்துக்கு ஒரே கல்லறை. எங்கள் வழக்கம் அது. குழி தோண்டியவர் எடுத்து வைத்த அப்பாவின் எலும்புகளை என் தம்பி அந்தோணி புது வேட்டியில் கட்டி, அம்மாவின் கால்மாட்டில் வைத்தான். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் பூசையில், இருவர் பெயரையும் வாசிப்பார்கள். கோயில் பீடத்துக்கடியில் இருக்கும் புனிதரின் எலும்புத் துணுக்குக்கூடப் பெயரோடுதான் இருக்கிறது. பெயர் தெரியாத எலும்புக்காக எப்படி வேண்டிக்கொள்வது?

அக்டோபரில் அறுவை சிகிச்சை முடிந்தது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் அந்தோணியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"பேரு சொல்ல மாட்றாங்கடா."

"அதுக்கின்னாக்கா? கல்லறைத் திருநாளுக்கு நம்மூட்டு ஆளுங்க பேரோட சேத்துட்றேன். ஆம்பளயா, பொம்பளயா?"

"தெரியாது."

"நம்ம வேதக்காரங்களானா தெரியுமா?"

"தெரியாதுடா."

"நல்லா கீது போ. ஒடம்புக்குள்ள குடி வெச்சிகினு ஒண்ணுமே விசாரிக்காம வந்துகீற."

'நார்வே தேசத்து ஆத்துமா ஒன்று' என்று எழுதிக் கொடுத்தானாம். சாமியார் ஒரு கணம் தயங்கிவிட்டு வாசித்தாராம். கல்லறைக்கு வெள்ளையடித்து, அப்பா, அம்மாவுக்கான மெழுகுவத்திகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று ஏற்றிப் படம் அனுப்பினான். காற்றில் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

சனவரியில் பரிசோதனைக்குப் போனபோது அந்தப் படத்தை இங்ரிட்டிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "உங்களுக்கு வைத்தது இறந்தவருடையது அல்ல. இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்பவர்களிடமிருந்து வெட்டியெடுக்கும் தொடை எலும்பின் தலையைத்தான் வங்கியில் சேமிக்கிறோம். கொடுத்தவர் எங்காவது மலையேறிக்கொண்டிருப்பார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் அன்றைய எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டிருந்தார்.

உட்பக்கம் என் எலும்பும் கொடுத்தவரின் எலும்பும் கலந்திருந்தன. வெளிப்பக்கத்தில், இன்னும் ஒட்டாத இடத்தில், மயிரிழை அளவு கருப்புக் கோடு. "கோடையில் மறுபடி பார்ப்போம். அது அகன்றால், இன்னொரு முறை அடைக்க இடமில்லை" என்றார்.

அந்தோணியிடம் சொன்னேன்.

"அய்யய்யோ! உயிரோட கீற ஆளுக்கா மெழுகுவத்தி வெச்சேன்? அந்தாளுக்கு எதுனா ஆயிட்டா இன்னாக்கா பண்றது? நாளிக்கே சொகத்துக்குனு பூச வெச்சிட்றேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "உன் கையி?"

"பாதி ஒட்டிகிச்சி."

இரைச்சலோடு ஏதோ லாரி அவனைக் கடந்தது. "உன்ன நம்ம கல்லறைல எறக்கசொல்ல அந்தாளோடதும் கூடத்தான வரும்?" என்றான் கடைசியில்.

அந்தக் கோடு மூடினால் வரும். பெயர் தெரியாத அவர் ஒருநாள் இறந்து இந்த ஊர் மண்ணில் கிடக்க, அவர் இடுப்பின் ஒரு பிடி, அப்பா அம்மாவோடு ராயபுரத்தில் கிடக்கும். மூடாவிட்டால் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, மருத்துவமனைக் கழிவோடு இங்கேயே எரித்துவிடுவார்கள். அப்படி நேர்ந்தால் என் எலும்பை மட்டும் ஊர்க் கல்லறைக்குத் தனியாகத் தர முடியுமா என்று இங்ரிட்டைக் கேட்டிருந்தேன். ஒட்டிய இடத்தில் எது யாருடையது என்று யாராலும் பிரிக்க முடியாது என்றார்.