டட்லியின் சுண்ணாம்பு மூட்டைகள்

டட்லி லீனர்ட்டைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், கோழியைக் குளிப்பாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சொல்லிவிட்டேன். இனி மற்றதைச் சொல்கிறேன்.

அக்டோபர் மாதக் கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது, சலவைத் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, கைக்குழந்தைக்குப் போடும் ஷாம்பூவைக் கரைத்து, கோழியைக் கழுத்துவரை முக்குவார். பிறகு மனைவி வெர்னாவின் ஹேர் டிரையரை எடுத்து இறகு இறகாக உலர்த்துவார். கொண்டையிலும் காலிலும் எண்ணெய் தடவுவார். அந்தக் கோழி மணப்பெண் மாதிரி கூண்டுக்குள் நிற்கும், நடுவர் வந்து நீல ரிப்பனைக் கட்டிவிட்டுப் போவார். கோழிச் சங்கத் தலைவருக்குக் கட்டாமல் வேறு யாருக்குக் கட்டுவது? அவர் கொட்டகைச் சுவரில் ரிப்பன் இல்லாத இடத்தை விரலால் தேட வேண்டும். அத்தனை கோழி இருந்தும் அந்த வீட்டுக்கு முட்டை சூப்பர்மார்க்கெட்டிலிருந்துதான் வரும். அழகிகள் முட்டையிடுவதில்லை.

எங்கள் ஊரில் ஒரே தீவனக் கடை. அதன் கல்லாவுக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக நிற்பவள் நான். கொல்லையில் நாலு கோழி வளர்க்க ஆசைப்படும் எவரும் முதலில் என்னிடம் வந்து, "கிளெனிஸ், நல்ல குஞ்சு எங்க கிடைக்கும்?" என்றுதான் கேட்பார்கள். "டட்லிகிட்டப் போங்க" என்பேன். ரிப்பன் வாங்கிய கோழியின் குஞ்சுக்கு நோய் வராது என்பது எங்கள் ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை. நடுவர் பார்ப்பது கொண்டையை, இறகை, காலின் நிறத்தை. கூடப் பிறந்தவை எத்தனை செத்தன என்று எந்த நடுவரும் இதுவரை கேட்டதில்லை. அதைக் கேட்கும் பழக்கம் ஊரிலும் இல்லை.

டட்லி ஒன்றும் பரம்பரைக் கோழிக்காரர் அல்ல. அப்பா விட்டுப்போன கோதுமை நிலத்தைப் பத்தே வருடத்தில் கோட்டை விட்டவர். மழை சரியில்லை, வங்கி சரியில்லை, அண்ணன் சரியில்லை என்று அதற்கு மட்டும் அவர் ஒரு டஜன் காரணம் வைத்திருந்தார். பிறகு நகராட்சியில் சாலை மட்டம் போடும் வண்டி ஓட்டினார். அவர் மட்டம் போட்ட சாலையில் போனவர்களுக்கு முதுகெலும்பு ஞாபகமிருக்கும். ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு வெள்ளி வையண்டாட் இனப் பெட்டை ஒன்று அடிலெய்டு பெரிய கண்காட்சியில் மூன்றாம் பரிசு வாங்கிக் கொடுத்தது. மூன்றாம் பரிசுதான். அந்தப் பெட்டையின் படம் இன்றும் அவர் பர்ஸில் இருக்கிறது. பேரப்பிள்ளைகளின் படம் இல்லை.

குஞ்சுகளை அவர் ஐந்து வாரத்தில் விற்றுவிடுவார். அந்த வயதில் எல்லாக் குஞ்சும் துறுதுறுவென்றுதான் இருக்கும். வாங்கிப் போனவர்கள் எங்கள் ஊரில் கோடை பிறக்கும் டிசம்பரில், ஜனவரியில் திரும்பி வருவார்கள். ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டிக்கொண்டு கோழி விழுந்து கிடக்கிறது, எழுந்திருக்கவில்லை என்பார்கள். அது மேரக்ஸ் நோய். பொரித்த அன்றே ஊசி போட்டால் தடுக்கலாம், வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. டட்லியிடம் போனால் வேறு பதில் கிடைக்கும்.

"ரொட்டி போட்டீங்களா? அதான்."

"வடக்குக் காத்து அடிச்சுதுல்ல, வெக்கை தாங்கல."

"உங்க வீட்டு நாய் குரைச்சிருக்கும். பயந்துடுச்சு."

அவர் வாயிலிருந்து கோழியின் குறை மட்டும் வராது. தலைவரின் கோழிக்கு நோய் என்று சொன்னவனுக்கு அடுத்த கண்காட்சியில் கூண்டு கழிவறைப் பக்கம்தான் கிடைக்கும். அதனால் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி அவரிடமே குஞ்சு வாங்குவார்கள்.

எனக்குத் தெரியும். எப்படி என்றால், வருடா வருடம் ஜனவரி பிறந்ததும் டட்லி என்னிடம் சுண்ணாம்பு வாங்குவார். முதலில் இரண்டு மூட்டை, பிறகு நாலு. அவர் வீட்டில் தோட்டமில்லை, ஒரு புல் கூட இல்லை. தீவனம் இறக்கப் போனபோது கொட்டகைக்குப் பின்னால் அந்தக் குழியைப் பார்த்தேன். செத்த கோழிகளைப் போட்டு மேலே சுண்ணாம்பைத் தூவியிருந்தார். வெள்ளைப் பொடிக்கு மேலே மஞ்சள் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பார்த்துவிட்டு ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன வருடம் ஆற்றங்கரை ஊரிலிருந்து ஒரு பெண் கால்நடை மருத்துவர் எங்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்தார். பாவம், நல்லது சொல்ல வந்தார்.

"ஊசி மருந்து ஒரு குப்பியில ஆயிரம் குஞ்சுக்கு இருக்கு. கலக்கினா ரெண்டு மணி நேரம்தான் தாங்கும். ஒருத்தர் வாங்கினா வீண். நீங்க எல்லாரும் ஒரே நாள்ல முட்டைய அடை வைங்க. பொரிச்ச அன்னைக்குக் குஞ்சுங்கள இந்த ஹாலுக்கே கொண்டு வந்துடுங்க. ஒரே காலையில எல்லாத்துக்கும் போட்டு முடிச்சிடலாம்."

டட்லி எழுந்தார். எழும்போது பெல்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொள்வது அவர் வழக்கம், அதற்கு மேல்தான் பேச்சு வரும்.

"ஊசி போட்டு உசுரு புடிச்சு வைக்கிறதெல்லாம் ஒரு கோழியாம்மா? என் கோழிங்களுக்கு எதிர்ப்பு ரத்தத்துலயே இருக்கு."

"நல்லதுங்க. அப்போ நாலஞ்சு வருஷம் நோயில்லாம தாண்டின கோழிங்ககிட்ட இருந்துதான் முட்டை எடுத்து வைப்பீங்க, இல்லையா?"

"கிழவிங்கள வச்சு என்னம்மா பண்றது? கண்காட்சிக்கு யாரு பார்ப்பா?"

ஹாலே சிரித்தது. அந்தப் பதிலிலேயே அவர் குட்டு முழுதும் உடைந்துவிட்டது, ஆனால் கவனித்தவர்கள் இல்லை. எது பிழைத்துக் கிடக்கிறதோ அதை வைத்து இனம் பெருக்கினால் ரத்தத்தில் எதிர்ப்பு வரும். அவர் வருடா வருடம் எங்கோ ரிப்பன் வாங்கிய சேவலை, அதன் நோயோடு சேர்த்து, வாங்கி வந்து விடுகிறவர். கை தூக்கச் சொன்னார்கள். குப்பிக்கு இரண்டு கை, டட்லிக்குப் பதினொன்று. பதினொன்றில் ஒன்று என்னுடையது. ஊரிலேயே அதிகத் தீவனம் வாங்குகிறவர் அவர்.

அந்த அக்டோபரில்தான் மேரியன் ஹாக் என்னிடம் வந்து குஞ்சு எங்கே வாங்கலாம் என்று கேட்டாள். அவள் கணவன் லெஸ்ஸுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இடது பக்கம் வேலை செய்யாது, பேச்சு குழறும். சமையலறை ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு, கொல்லையைப் பார்க்கிற மாதிரி படுக்க வைத்திருந்தாள். பார்க்க ஏதாவது உயிருள்ளது வேண்டும் என்றாள். வழக்கம்போல டட்லியிடம் அனுப்பினேன். ஆறு குஞ்சு வாங்கினாள்.

லெஸ் ஒரு காலத்தில் எங்கள் ஊர் கால்பந்துக் குழுவில் ஆடியவன். ஆறு பெட்டைக் குஞ்சுகளுக்கும் தன்னோடு ஆடிய தடியன்களின் பெயரை வைத்தான். ஸ்னோவி, ப்ளூ, டைகர் என்று ஜன்னல் வழியாக நாள் முழுக்க அதட்டிக் கூப்பிடுவான். மனைவி பெயரைக்கூட அவனால் சரியாகச் சொல்ல முடியாது, ஆனால் இந்தப் பெயர்கள் மட்டும் தெளிவாக வந்தன. பேச்சுப் பயிற்சிக்கு வரும் நர்ஸ், இன்னும் பத்துக் கோழி வாங்குங்கள் என்று சொன்னாளாம். மேரியன் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நானும் சிரித்தேன். ஜனவரி வர இன்னும் ஆறு வாரம் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் வந்தாள். கையில் ஒன்றுமில்லை, கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாலு போச்சு கிளெனிஸ். முதல்ல ஸ்னோவி. ஒரு கால் முன்னாடி, ஒரு கால் பின்னாடி. ஒரு பக்கத்து றெக்கை தொங்கிப் போச்சு. ஜன்னலுக்கு நேரா விழுந்து, மத்த பக்கத்தால இழுத்து இழுத்து வந்துச்சு. லெஸ் பார்த்துட்டே இருந்தாரு. 'நான்'னு சொன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் வாயே திறக்கல. திரையைப் போடச் சொல்லிக் கைய ஆட்டுறாரு."

சொல்லவா வேண்டாமா என்று நான் நிற்கையிலேயே வாசல் மணி அடித்தது. டட்லி. பின்னாலேயே வெர்னா.

"என்ன மேரியன் கண்ணு, முகம் வாடிக் கெடக்கு?" என்றார். அவள் சொன்னாள். டட்லி பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சத்துக் குறைச்சல்தான். கீரை போட்டியா? போட்டிருக்க மாட்டே. விடு, மனசு கஷ்டப்படாத. கடைசியா பொரிச்சதுல ஆறு குஞ்சு இருக்கு, முத்து முத்தா. உனக்குப் பாதி விலைக்கே தரேன். லெஸ் நம்ம ஆளு." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே, "அப்புறம் சுண்ணாம்பு, கிளெனிஸ். நாலு மூட்டை" என்றார்.

வெட்கமில்லாத மனிதன். கீரை போட்டியா என்று கேட்ட அதே வாயால் சுண்ணாம்பு கேட்கிறார்.

மேரியன் பையைத் திறந்து பணத்தை எடுத்தாள். "சரி டட்லி. இன்னைக்கே வந்து எடுத்துக்கவா?"

"சுண்ணாம்பு எதுக்கு டட்லி?" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"எதுக்குன்னா? புல்லுக்குத்தான்."

"எந்தப் புல்லுக்கு?" என்றாள் வெர்னா. அலமாரியில் முட்டை அட்டையை விலை பார்த்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள். "நம்ம வீட்ல புல்லு எங்க இருக்கு?"

டட்லி மனைவியை முறைத்தார். நான் அதற்குள் கொட்டிவிட்டேன். குழியைச் சொன்னேன், கால்களைச் சொன்னேன், மேரக்ஸ் என்ற பெயரையும் சொன்னேன். "அந்தக் குஞ்சுங்கள வாங்காத மேரியன். ஆத்தங்கரையில ஒரு பொரிப்பகம் இருக்கு, பொரிச்ச அன்னைக்கே ஊசி போட்டு, சீட்டோட தருவாங்க. வாங்கினதும் அந்தக் கொல்லையில விடாத, அந்த மண்ணுல நோய் இருக்கு. ரெண்டு மூணு வாரம் கராஜுல வச்சுக்கோ."

டட்லி பெல்ட்டை மறுபடி மேலே இழுத்தார். "பொறாமை புடிச்ச ஊரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அந்தக் கணம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். மேரியன் என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அவள் பணத்தைப் பைக்குள் வைத்தாள். "எத்தனை வருஷமா சுண்ணாம்பு வாங்குறாரு?"

"ஒரு... ஒன்பது வருஷம்."

"மூட்டைய வண்டியில ஏத்துறது நீதானே?"

நான் ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"அவர்கிட்டப் போய் வாங்குன்னு என்கிட்ட சொன்னதும் நீதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் என் கடைக்கு வரவில்லை. தீவனத்துக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் போய் வருகிறாள்.

ஆற்றங்கரைப் பொரிப்பகத்தில் ஆறு பழுப்புக் குஞ்சு வாங்கினாள் என்று கேள்விப்பட்டேன். கொல்லையை விட்டுவிட்டு வீட்டின் முன்பக்கத்தில் வேலி போட்டு, லெஸ்ஸின் கட்டிலையும் தெருப்பக்கத்து ஜன்னலுக்கு மாற்றிவிட்டாளாம். கடைக்கு நான் நடந்து போகிற வழி அதுதான். குளிர்காலம் வந்தது, போனது, ஒரு குஞ்சும் விழவில்லை. ஆறும் வளர்ந்து, மினுமினுவென்று ரோஜாச் செடிகளைக் கிளறிக்கொண்டிருந்தன. ரிப்பன் வாங்க ஒன்றுக்கும் லட்சணமில்லை.

செப்டம்பரில் ஒரு காலை அந்த வீட்டைத் தாண்டும்போது ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"கிளெனிஸ்!"

குழறாமல், தெளிவாக, பழைய லெஸ்ஸின் குரல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மன்னித்துவிட்டான் என்று நினைத்தேன். வேலியருகே போய்க் கையை ஆட்டினேன்.

மேரியன் தீவனக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். "உன்னைக் கூப்பிடல. அதைக் கூப்பிடுறாரு."

ஒரு கொழுத்த பெட்டை மற்ற ஐந்தையும் தள்ளிக்கொண்டு அவள் காலடிக்கு ஓடி வந்தது.

"அதுக்கு ஏன் என் பேரு?"

"தீவனக் கிண்ணம் யார் கையில இருக்கோ அவங்க பின்னாடியே ஓடும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "லெஸ்தான் வச்சாரு."

கடைக்கு வந்தேன். டட்லியின் பிக்கப் வாசலில் நின்றது. சண்டைக்குப் பிறகு ஒரு மாதம்தான் வராமல் இருந்தார், பிறகு ஒன்றும் நடக்காதது போல வந்தார், நானும் "வாங்க டட்லி" என்றேன். அக்டோபர் கண்காட்சியில் விற்கக் குஞ்சுகள் தயாராம். வெயில் வருவதற்குள் நாலு மூட்டை சுண்ணாம்பு முன்கூட்டியே வேண்டும் என்றார். வண்டியின் பின்கதவு திறந்திருந்தது.

நான் போய் மூட்டையைத் தூக்கினேன்.