அப்பாவின் ஒரே பொய்

எங்கள் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. உப்பளத்தில் வேலை செய்தவர். ஒரு நாள் லீவு எடுப்பதற்குக்கூட வயிற்றுவலி என்று சொல்லத் தெரியாமல் உள்ளதைச் சொல்லி ஏச்சு வாங்கிக்கொண்டு வருவார். அப்படிப்பட்ட மனிதர் தன் வாழ்நாளில் ஒரேயொரு பெரிய பொய் சொன்னார். அதையும் மலைக்கோயில் கோணேசர் பேரில் சொன்னார்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். குச்சவெளியில் இருந்தோம். அம்மா படுத்துவிட்டார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். காலையில் என் தலையை இழுத்து இழுத்துப் பின்னிவிடுகிற கை எழும்பவில்லை. அடுப்பில் சோறு கரிந்து குசினி முழுக்கப் புகை நிறைந்தபோதும் அம்மா அசையவில்லை. பக்கத்தில் போய், என்ன செய்கிறது என்று கேட்டேன். “ஒண்டும் செய்யேல்லை பிள்ளை. ஒண்டுமே இல்லை” என்றார். அதுதான் பதில் என்று எனக்குத் தெரியவில்லை.

அயலில் சிலர் சோம்பல், பஞ்சி என்றார்கள், சிலர் செய்வினை என்றார்கள். கையில் நூல் கட்டினார்கள், தலையைச் சுற்றி எலுமிச்சங்காய் வெட்டினார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் ஆடாமல் இருந்து கொடுத்தார். கடைசியில் ஊர் ஆஸ்பத்திரி டொக்டர்தான் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, இது மனவருத்தம், மனசில் வந்த நோய், பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் இதற்கென்றே கிளினிக் இருக்கிறது, கட்டாயம் கொண்டுபோங்கள் என்று சொன்னாராம்.

சிக்கல் என்னவென்றால், அது சித்திக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம். சித்தி அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். தமக்கைக்காரிக்கு விசர் பிடித்திருக்காம் என்று ஒரு சொல் வெளியே போனால் போதும், பேச்சு அன்றோடு முடிந்துவிடும். ஆகவே அப்பா அயலட்டையைக் கூட்டிவைத்து, பட்டணத்துக் கோணேசருக்கு நேர்த்தி வைத்திருப்பதாகவும் மாதம் ஒருமுறை குடும்பமாகப் போய்க் கும்பிட வேண்டும் என்றும் அறிவித்தார். சொல்லும்போது காது இரண்டும் சிவந்துபோயிருந்தது. பக்தி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கிளினிக் நாளில் அம்மாவைச் சித்தி குளிக்க வார்த்து, பச்சைக் கரை போட்ட சேலையை உடுத்திவிடுவார். பிள்ளையை விட்டுவிட்டு யார் கோயிலுக்குப் போவார்கள்? அதனால் எனக்கும் பள்ளிக்கூடம் இல்லை. அர்ச்சனைச் சாமான் பையோடு கரையோர பஸ்ஸில் ஏறுவோம். ஆஸ்பத்திரியில் நீண்ட மர வாங்கு ஒன்றில் குந்தியிருப்போம். அங்கே யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. ஒருமுறை எங்கள் ஊர் மனிசி ஒருவர் எதிரே இருந்தார். அவர் மடியிலும் ஒரு அர்ச்சனைப் பை. அம்மாவும் அவரும் ஒருதரம் பார்த்துக்கொண்டு, பிறகு இருவருமே நிலத்தைப் பார்த்தார்கள்.

டொக்டர் ஒரு சின்னப் பெண், சிங்களவர். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசுவார். “அம்மா, குளிசை நிப்பாட்ட வேண்டாம். சுகம் வந்தா கூட நிப்பாட்ட வேண்டாம்” என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அப்பா தலையாட்டுவார்.

பிறகு, சொன்ன பொய்யை முழுப்பொய்யாக விட மனமில்லாமல், அப்பா எங்களை உண்மையாகவே மலைக்குக் கூட்டிப்போவார். மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ, கோயில் வழியிலுள்ள கோட்டைக்குள்ளால் நடந்து வரும்போது அங்கே திரிகிற ஒரு மான் பின்னால் வந்து பைக்குள் தலையை விட்டு வாழைப்பழத்தைத் தோலோடு எடுத்துக்கொண்டு போனது. அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டு துரத்தினார். அம்மா சிரித்தார். நான் நடப்பதை நிறுத்திவிட்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பை நான் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தேன்.

அதன் பிறகு என் தலை மறுபடி ஒழுங்காகப் பின்னப்பட்டது. கோணேசர் கைவிடவில்லை என்று அயலில் பேசினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆஸ்பத்திரி என்பது கோயிலுக்குப் போகும் வழியில் காத்திருக்க வேண்டிய ஒரு இடம், அவ்வளவுதான். அப்பாவே பாதி நம்பத் தொடங்கியிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த நேரம் பார்த்துத் தம்பலகாமத்தில் அப்பாவின் ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் செத்துப்போனார். நான் ஒருநாளும் கண்டிராத கிழவர். ஆனால் இரத்த உரித்துக்காரர். எங்களுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை கோயில் வாசல் மிதிக்க ஏலாது, அது ஊருக்கே தெரியும்.

கிளினிக் நாள் வந்தது. அன்றைக்கு அம்மா யாரும் சொல்லாமல் தானாகவே எழும்பிக் குளித்து, பச்சைக் கரைச் சேலையைத் தானே உடுத்திக்கொண்டு வந்து கதவடியில் நின்றார்.

“எங்கை வெளிக்கிட்டனீ? துடக்கெல்லோ” என்றார் அப்பா.

“கோயிலுக்கு வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போட்டு வருவம். குளிசை முடியப்போகுது.” அம்மாவின் குரல் மிகவும் சிறிதாக இருந்தது. “எனக்குப் பயமாக் கிடக்கு.”

அப்பா வேலிப்பக்கம் பார்த்தார். அங்கே பக்கத்து வீட்டு மாமி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது பொய் ஒன்றை யோசிக்க அப்பா பாடுபட்டது முகத்தில் தெரிந்தது. வரவில்லை. இப்போது நன்றாகத்தானே இருக்கிறாய், துடக்குக் கழியட்டும், அடுத்த மாதம் கட்டாயம் போவோம் என்று மெதுவாகச் சொன்னார். அம்மா இன்னொருதரம் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சேலையை அவிழ்த்து, மடித்து, அலுமாரிக்குள் வைத்தார்.

கொஞ்ச நாளில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதலில் பகலில் மட்டும், பிறகு எந்த நேரமும். அந்தியேட்டி முடிந்த மறுநாள் அப்பா பூவும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு ஓடிவந்து, வெளிக்கிடு என்று கெஞ்சினார். நான் சேலையை எடுத்துக்கொண்டு போய்ப் பாயருகே வைத்தேன். அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. “என்னை விடுங்கோ” என்றார். அப்பா பூப்பையோடு நிலத்தில் குந்தியிருந்து, என் முன்னாலேயே அழுதார்.

சித்தியின் கலியாணம் கடைசியில் நடக்கவேயில்லை, சாதகம் பொருந்தவில்லையாம். அப்பா பின்னாளில் ஊரே பார்க்க அம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். வேறு டொக்டர்கள், வேறு குளிசைகள். அம்மா இன்னும் இருக்கிறார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறார். மானைப் பார்த்துச் சிரித்த அந்த மனிசியை நான் பிறகு காணவில்லை.

அன்றைக்குச் சேலையை மடித்து வைத்துவிட்டு அம்மா பாயில் இருந்தபோது நான் பக்கத்தில் போய் இருந்தேன். பயமாகக் கிடக்கிறது என்று சொன்னாரே. நேர்த்தி தவறினால் சாமி கோபிக்கும் என்றுதான் பயப்படுகிறார் என நினைத்து, அம்மாவின் கையைப் பிடித்து, சாமிக்குத் துடக்கென்று தெரியுந்தானே, ஒன்றும் செய்யாது என்று தேற்றினேன். அம்மா என் தலையைத் தடவி, “ஓம் பிள்ளை” என்றார். அம்மாவின் பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.