நான் அடித்த நாடு

பிள்ளைகளே, ஒரு நாட்டையே சிவப்புப் பேனாவால் அடித்தவன் நான்.

ஏழாவது படித்த என் மகள் செல்வி, பள்ளிக் கண்காட்சியில் பரிசு வாங்க, கிரெனடா என்ற கரீபியன் தீவு நாட்டைப் பற்றி நான்கு நாள் உட்கார்ந்து சார்ட் எழுதினாள். எரிமலை, கடற்கரை, ஏறக்குறைய ஒரு லட்சம் மக்கள், பிரதமர், ஜாதிக்காய் ஏற்றுமதி எல்லாம் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. மதுராந்தகம் ஏரியைச் சுற்றி இருக்கிற அளவு ஜனத்துக்குத் தனிப் பிரதமரா? டிவியில் கிரிக்கெட் பார்த்த அறிவில், கிரெனடாவை அடித்துவிட்டு ‘வெஸ்ட் இண்டீஸ்’ என்று எழுதினேன். செல்வி சார்ட்டை எடுத்து அலமாரி மேல் வைத்தாள்.

மறுநாள் செல்வியும் நானும் கண்காட்சிக்குப் போன செங்கல்பட்டு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சார்ட்டை எட்டிப் பார்த்தார். சதுரங்கப்பட்டினத்துக்காரர். சரக்குக் கப்பலில் சமையல்காரர். மறுபடி கப்பலேறப் போய்க்கொண்டிருந்தார்.

“இன்னா அண்ணாத்த, நான் போய் வந்த நாட்டை அடிச்சு வெச்சிகீற?”

“அது நாடே இல்லைங்க. வெஸ்ட் இண்டீஸ்தான் நாடு.”

அவர் பாஸ்போர்ட்டை விரித்தார். கிரெனடா முத்திரை பளிச்சென்று இருந்தது.

“கிரிக்கெட் ஆடத்தான் ஒண்ணா வருவானுங்க. ஆடி முடிச்சா அவனவன் நாட்டுக்குப் பூடுவான்.”

பஸ்ஸே சிரித்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

“உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும்ப்பா. சொன்னா திட்டுவீங்கன்னு விட்டுட்டேன்.”

கண்காட்சி முடியும்வரை சார்ட் பக்கத்திலேயே நின்றேன். வந்தவர்களிடமெல்லாம், “அந்தச் சிவப்புக் கோடு மட்டும் என்னுது. மத்ததெல்லாம் என் பொண்ணு எழுதினது” என்று சொன்னேன்.

பரிசு வேறு யாருக்கோ போயிற்று. அன்றிலிருந்து அவள் நோட்டில் எதையும் திருத்துமுன், “நீ சொல்லும்மா” என்று கேட்ட பிறகுதான் என் பேனா மூடி திறக்கிறது.