பாடி போனால் ஆவடி

நேற்று சாயங்காலம் திருவேற்காட்டில் கரண்ட் போனது. மேல்வீட்டு இன்வர்ட்டர் 'கீங் கீங்' என்று கத்த ஆரம்பித்ததும் என் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. போன் சும்மா கிடந்தது. "யாராவது கூப்பிட்டாங்களா?" என்றாள் மனைவி. இல்லை என்றேன். யார் கூப்பிடப் போகிறார்கள், சொல்லுங்கள்.

அந்தச் சத்தத்தோடு ஒரு வாசனையும் ஒட்டிக்கொண்டு வரும். சூடான பேட்டரியும் ஏசி ஈரமும் கலந்த வாசனை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் வேலை பார்த்த சர்வர் ரூமில் அதுதான் அடிக்கும். நாங்கள் என்றால் நானும் டில்லியும். நான் சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்தவன், அவன் முத்தாபுதுப்பேட்டைக்காரன். சின்னச் சின்னக் கம்பெனிகளின் கணக்கு வழக்கெல்லாம் ஓடும் மெஷின்கள் அங்கே இருந்தன. அவை உயிரோடு இருக்கின்றனவா என்று ஒரு மெஷின் ஓயாமல் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால், தன் சொந்த சிம் கார்டிலிருந்து எங்கள் இருவருக்கும் மெசேஜ் அனுப்பும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் இணைக்கிற ஸ்விட்ச் பெட்டி ஒன்று படுத்தால் போதும், அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனையும் செத்ததாக நினைத்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிடும். ஒருமுறை என் போன் மேஜையில் அதிர்ந்து அதிர்ந்தே நகர்ந்து சாம்பாரில் குதித்தது. அதோடு டில்லிக்கு வந்ததே கோபம்!

"இன்னாபா இது? பாடி பிரிட்ஜாண்ட ஜாம்னா ஆவடிக்கு பஸ் வராதுன்னு தெரியாதா? அத்த ஸ்டாப் ஸ்டாப்பா போன் பண்ணி சொல்லுவாங்களா?"

எது எதை நம்பி இருக்கிறது என்று அந்த மெஷினுக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தோம். மேலே இருப்பது விழுந்தால் கீழே இருப்பதைப் பற்றி வாயைத் திறக்காதே, ஒரு மெசேஜ் போதும். ஸ்விட்சுக்கு டில்லி 'பாடி' என்று பெயர் வைத்தான். கீழே பஸ் போகிற வரிசையிலேயே கொரட்டூர், அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல், ஆவடி. எல்லாரையும் கண்காணிக்கிற மெஷினுக்குத் தன் ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டான். "நம்ம ஊருதான் அல்லாத்தையும் பாத்துகினு கீது மாமே" என்று அதற்கு ஒரு பீற்றல் வேறு.

அப்புறம் நிம்மதியாக பஜ்ஜி தின்றோம். அந்த நிம்மதிதான் வினையாகிவிட்டது. கம்பெனி கைமாறியது. சர்வர்களை வேறு இடத்துக்கு மாற்ற முடிவெடுத்த புது மேனேஜர், "அலாரமே வர்றதில்லையே, இதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?" என்றார். நான் டிகிரி, டில்லி டிப்ளமா. புது இடத்துக்கு என்னை வைத்துக்கொண்டு அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவன் மகளை அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தான். "நீ போ மாமே, இன்னா இப்போ" என்று சிரித்தான். நான் கத்தியிருக்க வேண்டும், அழுதிருக்கவாவது வேண்டும். ஒன்றும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி மரத்துப்போய் நின்றேன்.

கடைசி நாள் மெஷின்களை அணைக்கும் வேலை எங்களுடையது. சீக்கிரம் தொலையட்டும் என்று நேரே பாடியிடம் போனேன். டில்லி கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாணாம். அத்த அமுக்குனா மத்ததுங்க வாயத் தொறக்காது. ஆவடிலேந்து வா. ஒன்னொன்னும் சொல்லிகினு போட்டும்."

அப்படியே கீழேயிருந்து வந்தோம். ஒவ்வொன்றுக்கும் அவன் பையில் போன் அடித்தது. எடுத்து, செத்தவர் பெயரைச் சொல்வதுபோலச் சத்தமாகப் படித்தான். ஆவடி. திருமுல்லைவாயல். ஓ.டி. கொரட்டூர். கடைசியில் பாடி. மிச்சம் இருந்தது முத்தாபுதுப்பேட்டை மட்டும்.

"இது போனா யாரு சொல்றது?" என்று கேட்டுவிட்டு அமுக்கினான். இரண்டு போனும் பேசாமல் இருந்தன.

அந்தக் கட்டடத்தில் இப்போது சோஃபா விற்கிறார்கள். செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் வேலை கிடைத்திருப்பதாக டில்லி கொஞ்ச நாள் போனில் பேசிக்கொண்டிருந்தான். பிறகு நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. நேரிலேயே போனேன். அவன் குடியிருந்த வாடகை வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா வாசலுக்கு வந்தார்.

"அவங்க ஊட்ட காலி பண்ணிகினு பூட்டாங்கபா. எங்கன்னு யாராண்டயும் சொல்லல."

நேற்று இருட்டில் அந்த நம்பரை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே பெண் குரல். கரண்ட் வந்ததும் மேல்வீட்டுச் சத்தமும் நின்றுவிட்டது.