நனையாத சுண்ணாம்பு

பெரிய மாமா பந்தியில் உட்காரமாட்டார். வேதக்கோயிலின் அசன விருந்தில் ஊரே ஓலைப்பாயில் வரிசையாக உட்கார்ந்து சோறும் கறிக்குழம்புமாய்ப் பிசைந்துகொண்டிருக்கும்போது, அவர் மட்டும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சன்னலோரம் நின்று சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் பாயிலேயே தூங்கிப்போனால், கை கழுவிய ஈரத்தோடு ஓடிவந்து ஒவ்வொன்றாகத் தூக்கி பெஞ்சில் கிடத்துவார். புதிதாய் வந்த உறவுக்காரர்கள், தூத்துக்குடியில் நாலு காசு பார்த்த திமிர் என்று முணுமுணுத்தார்கள். திமிரெல்லாம் இல்லை. அவருக்குத் தரையைக் கண்டால் பயம்.

அவர் என் அம்மாவுக்கு அண்ணன். எழுபதுகளின் தொடக்கத்தில், ஊருக்குத் தெற்கே உப்பளங்களைத் தாண்டி அவருக்கு ஒரு சுண்ணாம்புக் காளவாசல் இருந்தது. கடலுக்குள் தீவுகளைச் சுற்றிப் பவளப்பூச்சிகள் கட்டிவைத்த பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றி வருவார்கள். முருகைக்கல் என்று பெயர். தண்ணீருக்குள் இருந்தபோது அது உயிரோடு இருந்தது என்று அன்று யாரும் யோசித்ததில்லை, ரசாயனம் படித்த நானும்தான். கல்லையும் கரியையும் காளவாசலின் தலைவழியே அடுக்கடுக்காகக் கொட்டித் தீ வைப்பார்கள். வெந்த சுண்ணாம்பை அடியில் உள்ள குழிக்குள் இறங்கி வாரி எடுப்பார்கள். குழி வேலையைக் கவனித்தவர் மாமாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா. சட்டைப்பையில் எப்போதும் சீப்பு வைத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் தலை வெள்ளை வெளேரென்று ஆகப்போகிறது என்று தெரிந்தும் வகிடெடுத்துச் சீவிக்கொண்டுதான் காளவாசலுக்குக் கிளம்புவார். அவரைக் கேலி செய்யாத ஆள் எங்கள் வீட்டில் கிடையாது.

சுண்ணாம்புக்காரர்களுக்கு மழைதான் எதிரி. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதித்துப் பொங்கி வீணாகிவிடும். ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம், காற்று அசையாமல் நின்றுபோயிருந்த நேரத்தில், திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பெரிய மாமா, "தலைய மூடுங்கலே!" என்று கத்தினார். தீ அணைந்துவிடக்கூடாதே என்று ஆட்கள் தகரங்களைத் தூக்கிப் போட்டுக் காளவாசலின் தலையை அடைத்தார்கள். கீழே குழியில் அப்போதுதான் வாரிப்போட்ட சுண்ணாம்பு கிடந்தது. சின்ன மாமா பாய்களை எடுத்துக்கொண்டு அதை மூட இறங்கினார். கல் வேகும்போது கிளம்பி மேலே போகவேண்டிய கரியமில வாயு போக வழியில்லாமல் அடிவழியாக வந்து குழியில் நிறைந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தங்கிவிடும். மழை விட்டதும் எட்டிப் பார்த்தார்கள். பாயின் மேல் ஒரு கையை ஊன்றி, களைப்பாறுகிறவர்போலச் சுவரில் சாய்ந்திருந்தாராம். மூச்சு இல்லை. சுண்ணாம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

தகரத்தை மூடச் சொன்னது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரிய மாமாவும் திறக்கவில்லை. அந்த வாயுவைப் பற்றி மட்டும் ஓயாமல் பேசினார். நான் அப்போது பெண்கள் கல்லூரியில் ரசாயனம் நடத்தச் சேர்ந்திருந்தேன். வீட்டுக்கு வருவார், நின்றுகொண்டே காப்பி குடிப்பார், கேட்பார்.

"ஏளா, அது கரிக்குள்ள இருந்தா வந்துச்சு?"

"கரியில இருந்தும் வரும் மாமா. கல்லுல இருந்துதான் நெறைய வரும். காத்துல இருக்க கரியமில வாயுவக் கடல் உறிஞ்சிக்கிடும். பூச்சி அத வாங்கிக் கல்லாக் கட்டி வச்சிருது. நாம சுடும்போது அது கழண்டு வெளிய வந்துருது."

"அப்பம் அது பாட்டுக்குக் கடலுக்கடியில கெடந்திருக்கு."

"ஆமா."

அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான், பாடம் நடத்துகிற உற்சாகத்தில் யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. பேச்சை மாற்றுவதற்காக ஒரு தம்ளரில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை எடுத்து, பப்பாளி இலைத்தண்டால் உள்ளே ஊதிக் காட்டினேன். தண்ணீர் பால்போல வெளுத்தது. நம் மூச்சில் இருக்கும் அதே வாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டது என்றேன். அந்தத் தம்ளரை அவர் வெகுநேரம் கீழே வைக்கவே இல்லை.

சின்ன மாமா காப்பாற்றிய சுண்ணாம்பு டிரம்களில் அடைபட்டு ஷெட்டில் கிடந்தது. வியாபாரிகள் வந்து கேட்டுப் போனார்கள். பெரிய மாமா விற்கவில்லை. காளவாசலையும் பற்றவைக்கவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்து ஒருநாள் காலையில் வந்து, "அதக் கடல்ல கரைச்சா, கடலு காத்தத் திரும்ப வாங்குமா?" என்று கேட்டார். வாங்கும் என்றேன். அது உண்மை. சுண்ணாம்பு கரைந்த கடல்நீர் கூடுதலாகக் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும்.

உலகம் சூடாகிறது என்று இப்போது விஞ்ஞானிகள் இதைத்தான் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். கடலில் சுண்ணாம்பைக் கரைத்துக் காற்றிலுள்ள கரியைக் கடலுக்குள் பூட்டிவைப்பதாம். போன வாரம் தொலைக்காட்சியில் ஒரு கப்பலின் பின்னால் தண்ணீர் வெளுத்துக்கொண்டு போவதைக் காட்டினார்கள். பேரன் "சூப்பர் ஐடியா ஆச்சி" என்றான். நான் எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

மாமா அந்தச் சுண்ணாம்பைக் கரைக்கக் கடலுக்குப் போன அன்று வள்ளத்தில் நானும் போனேன். வள்ளக்காரர் முருகைக்கல் ஏற்றிப் பழகியவர். கல் எடுக்கப் போகாமல், தண்ணீர் தெளித்து நீற்றிய சுண்ணாம்போடு போவது அவருக்கு விசித்திரமாக இருந்தது. "உக்காரும் அண்ணாச்சி, வள்ளம் ஆடுது" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மாமா பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். ஆழத்துக்குப் போனதும் வாளியில் கரைத்துக் கரைத்து ஊற்றத் தொடங்கினார்.

"மொத்தமாச் சாய்ச்சிராதியும், மீனுக்குக் கண்ணெரியும்" என்றார் வள்ளக்காரர். மாமா தலையாட்டிவிட்டு மெதுவாக ஊற்றினார். வெள்ளை பரவியது, கலங்கியது, இழை இழையாகப் பிரிந்து கீழே இறங்கியது.

"ஏளா, புடிச்சிருச்சா?"

"உடனே புடிக்காது மாமா. காத்து மேல பட்டுப் பட்டு மெல்லத்தான் உள்ள போவும்."

"அவனக் கொன்ன காத்து?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. "அது எங்கன போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது மாமா. ஏதோ ஒரு காத்து உள்ள போவும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னும் ஒரு வாளி மிச்சமிருந்தது. அதைத் தொடாமல், விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை நோக்கிக் குனிந்தார். சாப்பாட்டு நேரத்தில் குழிக்குள் இருக்கும் தம்பியைக் கூப்பிட எப்படிக் குனிவாரோ அப்படியே குனிந்தார். அதே குரலில்தான் கூப்பிட்டார்.

"ஏலே தம்பி, காத்து ஒண்ணும் செய்யலலே. தகரத்தப் போட்டு மூடச் சொன்னது நாந்தாம்லே."